கன்று இல்லாத காடு

லாங் ஐலண்ட் ஜெட்டியில் இறங்கி, ஊரைத் தாண்டி, லாலாஜி பே கடற்கரைக்குக் காட்டுவழியாக நடந்துபோகிற பயணிகள் திரும்பி வந்ததும் இரண்டு விஷயம் சொல்வார்கள். கடல் என்ன நீலம்! காடு என்ன சுத்தம்! இரண்டாவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டர் மழை கொட்டுகிற காடு சுத்தமாக இருக்கக் கூடாது. பிரம்பும் கொடியும் நாற்றும் பின்னிக் கிடக்க வேண்டும். முன்னால் ஒருவர் கத்தியால் வெட்டிக்கொண்டே போனால்தான் பின்னால் வருகிறவர் கால் வைக்க முடிய வேண்டும். இங்கே பல இடங்களில் முப்பது நாற்பது அடி தள்ளி நிற்கிற ஆளின் முகம் தெரிகிறது.

அண்ணாந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. படாக் நிற்கிறது, குர்ஜன் நிற்கிறது, வெயில் புகாத மேல்கூரை. குனிந்து பார்த்தால்தான் விஷயம். போன மழையில் முளைத்த விரல் நீள நாற்றுகள் தரையில் உண்டு. முழங்காலுக்கு மேல், தோளுக்குக் கீழே ஒன்றும் இருக்காது. கிழவர்கள் மட்டும் இருந்து, பிள்ளைச் சத்தம் அற்றுப்போன வீடு மாதிரி. இதற்குக் காரணம் புள்ளிமான்.

வனத்துறையில் காவலராக என் வேலைக்காலம் பெரும்பாலும் மத்திய அண்டமானில்தான் கழிந்தது. ரங்கத், பாராடாங், லாங் ஐலண்ட், எதிரே கிட்டார் ஐலண்ட், நார்த் பாஸேஜ். அப்பா ராமநாதபுரத்திலிருந்து மரம் வெட்டும் வேலைக்கு வந்தவர். எங்கள் லைன் வீடுகளில் தமிழரும் வங்காளியும் ராஞ்சிக்காரரும் மலையாளியும் கலந்து இருந்தோம். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் ஹிந்தி. அன்றைக்கு லாங் ஐலண்ட் என்றாலே மரம்தான். பிளைவுட் பாக்டரி சங்கு ஊதினால் ஊரே எழுந்திருக்கும். உச்ச நீதிமன்றம் கோதவர்மன் வழக்கில், சேகர் சிங் கமிஷன் அறிக்கையை ஏற்று, 2002 மே மாதம் கொடுத்த உத்தரவோடு அண்டமானில் அந்தக் காலம் முடிந்தது. இயற்கைக் காட்டில் வியாபாரத்துக்கு மரம் வெட்டுவது நின்றது. வேலை போன குடும்பங்கள் போர்ட் பிளேயருக்கும் மெயின்லேண்டுக்கும் கிளம்பிப் போயின. பாக்டரி இருந்த இடத்தில் இன்று துருவும் புதரும்தான்.

இனிமேல் காட்டுக்கு ஓய்வு, தானாக எழுந்து நிற்கும் என்று பலரும் நம்பினோம். நம்பக் காரணமும் இருந்தது. அண்டமான் காடு விதைக்குப் பஞ்சப்பட்ட காடு அல்ல. ஆங்கிலேயர் காலத்திலேயே செங்கப்பா என்ற வன அதிகாரி ஒரு முறையை வகுத்தார். தாய்மரங்களை விட்டுவைத்து, மேல்கூரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து வெளிச்சம் கொடுத்தால் நாற்று தானே கிளம்பும் என்பது அதன் சாரம். நடவு வேண்டாம், உரம் வேண்டாம், வெளிச்சத்தைக் கையாளத் தெரிந்தால் போதும். உலகத்து வெப்பமண்டல வனத்துறைகள் கவனித்துப் படித்த முறை அது. ஆனால் கூப்பை, அதாவது மரம் வெட்டக் குறித்த காட்டுத் துண்டை, திறந்து வெளிச்சம் விழுந்து இளந்தளிர் கிளம்புகிற நேரம்தான் மானுக்கும் விருந்து நேரம். பழைய மஸ்தூர்கள், அதாவது காட்டுக் கூலியாட்கள், அதை என் காலத்துக்கு முன்பே கண்டிருந்தார்கள். "தேக்கை விட்டுவிடும், படாக்கை விடாது" என்று ஒரு ராஞ்சிக்காரப் பெரியவர் சொல்வார். சொந்த மண்ணில் பிறந்த படாக் போய், கொண்டுவந்து நட்ட தேக்கு தப்பித்து நிற்பதை நானே எத்தனையோ இடங்களில் பார்த்திருக்கிறேன்.

அண்டமானுக்கு மான் சொந்தமில்லை. இந்தத் தீவுகளில் தாமாக வாழ்ந்த பாலூட்டிகள் வௌவால், எலி, மூஞ்சூறு, மரநாய், அப்புறம் குட்டையான ஒரு காட்டுப்பன்றி. அவ்வளவுதான். இலை மேய்கிற குளம்புப் பிராணி ஒன்றுகூடக் கிடையாது. மெயின்லேண்டில் முள்ளும் கசப்பும் பாலும் வைத்துத் தன்னைக் காத்துக்கொள்ளப் பழகிய செடிகளும், மேய்ச்சலே காணாமல் வளர்ந்த தீவுச் செடிகளும் ஒன்றல்ல. ஆங்கிலேயர் வேட்டைக்கும் இறைச்சிக்கும் என்று புள்ளிமானைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து விட்டார்கள். புலி இல்லை, சிறுத்தை இல்லை, செந்நாய் இல்லை. உப்பங்கழி முதலை எப்போதாவது ஒன்றைப் பிடிக்கும். ஜாரவா பழங்குடி மக்கள் பன்றி வேட்டையில் கெட்டிக்காரர்கள், ஆனால் மானை அவர்கள் வழிவழியாகத் தொட்டதில்லை. அவர்களுடைய காட்டில் அது நேற்று வந்த பிராணி.

1950களின் தொடக்கத்தில் மானைக் குறைக்கச் சிறுத்தைகளைக் கொண்டுவந்து வடக்கே விட்டார்கள். இரண்டு சிறுத்தை, இரண்டும் பெட்டை. அந்த முயற்சி அதோடு அற்றுப்போனது. அது நல்லதுக்குத்தான் என்று நினைக்கிறேன். ஜோடியாக வந்து பெருகியிருந்தால் மான் கொஞ்சம் குறைந்திருக்கலாம். தரையில் கூடு கட்டும் பறவையும், பன்றியும், குடியேறிகளின் ஆடும் கன்றும் என்ன ஆகியிருக்கும்? ஒரு தவற்றைத் திருத்த இன்னொரு பிராணியைக் கப்பலேற்றுவது தீவுகளில் கைகொடுத்த வழி அல்ல.

புள்ளிமானின் குடும்பக் கணக்கு ரொம்ப எளிது. பெட்டை ஒரு வயதைத் தாண்டியதும் சினைக்கு நிற்கத் தயார். ஏழரை எட்டு மாதம் சுமக்கும், ஒரு குட்டி போடும். ஈன்ற சில வாரங்களிலேயே மறுபடி கிடாவைச் சேரும். குளிர்நாட்டு மான்களைப் போல வருஷத்தில் ஒரு பருவம் என்று கட்டுப்பாடு இல்லை. எந்த மாதத்திலும் பிஞ்சுக் குட்டியும் உண்டு, மெத்தென்ற தோல் மூடிய கொம்போடு கிடாவும் உண்டு. நன்றாக நீந்தும். கிட்டார் ஐலண்டுக்கும் லாங் ஐலண்டுக்கும் நடுவே, வாங்கல் அடங்கிய நேரத்தில், தலையும் கொம்பும் மட்டும் மேலே தெரிய ஒன்று கடந்து போவதை டுங்கிப் படகிலிருந்து பார்த்திருக்கிறேன். எஞ்சினை நிறுத்திவிட்டு அது கரையேறும் வரை காத்திருந்தோம். ஒரு குலுக்குக் குலுக்கித் தண்ணீரை உதறிவிட்டு நேராகக் காட்டுக்குள் போயிற்று.

மான் எத்தனை இருக்கிறது என்று எல்லாரும் கேட்பார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது எவ்வளவு கடினம் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஏனென்றால் தொழில் அதில்தான் இருக்கிறது.

முதுமலையிலோ நாகரஹொளையிலோ நேர்கோடு போட்டு விடியற்காலையில் நடந்து, கண்ட மந்தையின் தூரத்தையும் கோணத்தையும் குறித்துக்கொண்டு வந்தால், கணித முறையில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு இத்தனை என்று மதிப்பிடலாம். அங்கே மான் ஆளைப் பார்த்து நின்று யோசிக்கும். மத்திய அண்டமானில் கண்ணிக்கும் நாய்க்கும் பயந்த மான், நீங்கள் பார்க்கும் முன்பே உங்களைக் கேட்டுவிடும். ஒரு கூவல், குளம்புச் சத்தம், ஆட்டம் முடிந்தது. காலையெல்லாம் நடந்து ஒரு மானும் கண்ணில் படாமல் திரும்புவது சாதாரணம். அதனால் புழுக்கையை எண்ணினோம். காம்பஸ் பிடித்து கயிறு இழுத்து, குறித்த தூரத்துக்கு ஒருதரம் முளை அடித்து, அதைச் சுற்றி வட்டம் போட்டு, குந்தி உட்கார்ந்து சருகை விலக்கி எண்ணவேண்டும். ஒரே நேரத்தில் விழுந்த குவியலை ஒன்றாகவும், சிதறியதை எந்தக் குவியலோடு சேர்ப்பது என்று பார்த்தும் எழுதவேண்டும். பளபளப்பாக இருந்தால் நேற்றையது, மேலே வெண்பூஞ்சை படர்ந்தால் பழசு. எண்ணியதைப் பெருக்கித் தள்ளிவிட்டு, சில வாரம் கழித்து அதே முளைக்கு வந்து புதிதாக விழுந்ததை எண்ண வேண்டும்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. மே மாதம் மழை பிடித்தால் டிசம்பர் வரை விடாது. ஒரே ராத்திரி மழையில் புழுக்கை கரைந்துபோகும், மிச்சத்தை வண்டு உருட்டிக்கொண்டு போகும். மழைக்காலத்தில் எண்ணினால் மானே இல்லை என்று வரும். ஜனவரியிலிருந்து ஏப்ரலுக்குள் எண்ணினால்தான் ஒரு வருஷத்துக் கணக்கை மறு வருஷத்தோடு ஒப்பிடலாம். மெயின்லேண்டில் எழுதிய புத்தகத்தைப் பார்த்து மாதம் குறித்தால் கணக்கு பொய்யாகிவிடும். இந்தச் சின்ன விஷயத்தை எந்த நோட்டிலும் படிக்கவில்லை. காட்டில் குந்தி உட்கார்ந்தவர்கள் வாய்வழியாகச் சொல்லித் தந்தது.

எண்ணிக்கையின் போக்கைப் பற்றி ஊரில் இரண்டு கட்சி உண்டு. "முன்னே மந்தை மந்தையாக நிற்கும், இப்போ மானே இல்லை" என்பது ஒரு கட்சி. "தோட்டத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை, மான் பெருத்துவிட்டது" என்பது மறு கட்சி. இரண்டு பேரும் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். ரோட்டோரத்திலும் ஊரோரத்திலும் பகலில் மான் குறைந்தது உண்மை. கண்ணி போட்டுப் பிடித்தார்கள், தப்பியது ராத்திரி மேய்ச்சலுக்கு மாறியது. உள்காட்டுப் புழுக்கையோ, நாற்றோ, மேய்ச்சல் கோடோ குறைவைக் காட்டவில்லை. மேய்ச்சல் கோடு என்றால் மானின் வாய் எட்டுகிற உயரம். அதற்குக் கீழே இலையே இருக்காது, மேலே நிறைய இருக்கும். தீனிக்குத் தட்டுப்பாடு வந்தால் புள்ளிமான் பின்னங்காலில் எழுந்து நின்று கிளையை இழுக்கும். அந்தக் கோடு என் தோளிலிருந்து தலைக்கு உயர்ந்த இடங்களை நான் காட்ட முடியும். மானைத் தேடாமல் செடியைப் பார், செடி பொய் சொல்லாது என்று புதிதாக வேலைக்கு வருகிற பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

செடியைப் பார்க்க ஒரு சுலபமான வழி வேலி. ஒரு நர்சரிப் பக்கத்தில் காட்டுத் தரையிலேயே சின்னத் துண்டு ஒன்றைச் சுற்றி, மீனவர்கள் கழித்துப்போட்ட தடித்த நைலான் வலையை ஆள் உயரத்துக்குக் கட்டினோம். உள்ளே எதையும் நடவில்லை, தண்ணீர் ஊற்றவில்லை. இரண்டு மழை முடிவதற்குள் உள்ளே இடுப்பளவு பச்சை. படாக், தூப், சுக்லம், பெயர் தெரியாத கொடிகள், பிரம்பின் முள்முளை. வலைக்கு வெளியே ஒரு கை நீளத்தில் அதே மண், அதே நிழல், அதே விதை. சருகைத் தவிர ஒன்றும் இல்லை. யாருக்காவது மான் காட்டை என்ன செய்யும் என்று சந்தேகம் இருந்தால் ஒரு பழைய வலை போதும்.

அந்த வலையிலேதான் ஒரு விடிகாலையில் கிடா ஒன்று கொம்பு மாட்டிக்கொண்டது. முற்றிய கொம்பு, பக்கத்துக்கு மூன்று கிளை. எவ்வளவு நேரம் போராடியதோ, வலையை முறுக்கி முறுக்கித் தலை தரையோடு ஒட்டியிருந்தது. நாக்கு ஒரு பக்கம் தொங்க, கண் வெள்ளை தெரிய, விலா எலும்பு ஏறி இறங்கிற்று. எங்கள் வங்காளி ஃபாரஸ்டர் தாதா ஒரு கோணிச்சாக்கை நனைத்து அதன் கண்மேல் போட்டார். கண் மறைந்ததும் உதைப்பது நின்றது. கழுத்தில் நான் முழங்காலை வைத்து அழுத்திக்கொள்ள, அவர் ஒவ்வொரு கண்ணியாக அறுத்தார். என் உள்ளங்கையின் கீழே அதன் கழுத்து நரம்பு துடித்த வேகத்தை எண்ணவே முடியாது. சாக்கை எடுத்ததும் தள்ளாடி எழுந்து, நின்று, போய்விட்டது. தாதாவுக்கு அன்று முழுக்க சந்தோஷம். இரண்டு நாள் கழித்து ஓடைக்கரையில் செத்துக் கிடந்தது. உடம்பில் காயம் இல்லை. பயத்திலும் போராட்டத்திலும் தசை சிதைந்து, அந்த நஞ்சு சிறுநீரகத்தைத் தாக்கிவிடும் என்று கால்நடை மருத்துவர் விளக்கினார். மான் இனத்தைப் பிடித்து இடம் மாற்றுகிறவர்களுக்கு இது பெரிய எதிரி. பிடித்துக்கொண்டுபோய் வேறெங்காவது விட்டுவிடலாமே என்று எளிதாகச் சொல்கிறவர்களிடம் இந்தக் கிடாவைப் பற்றித்தான் சொல்வேன்.

காடு மட்டும் போகவில்லை. கீழ்மட்டச் செடி போனால் அதில் வாழ்கிறதும் போகும். அண்டமான் ஓணான்கள் உலகில் வேறெங்கும் இல்லாதவை. ராத்திரியில் சின்னத் தண்டுகளைக் கட்டிக்கொண்டு தூங்கும், டார்ச் அடித்தால் வெளிறித் தெரியும். தண்டே இல்லாத இடத்தில் அது எங்கே ஏறித் தூங்கும்? மான் அதிகம் மேய்ந்த தீவுகளில் தரையிலும் தாழ்ந்த செடிகளிலும் வாழும் பல்லி, ஓணான் இனங்கள் பல மடங்கு குறைந்திருப்பதை நித்ய பிரகாஷ் மொகந்தி, ஹரிகிருஷ்ணன், கார்த்திகேயன் வாசுதேவன் உள்ளிட்டோர் 2016-ல் வெளியிட்டார்கள். மான் பல்லியைத் தின்பதில்லை, அதன் வீட்டைத் தின்கிறது. அதற்கு முன்பே ஆய்வாளர் ரவூஃப் அலி இன்டர்வியூ ஐலண்டில் வேலை செய்திருந்தார். 1962-ல் ஒரு மரக் கம்பெனி நொடித்துப்போய் நாற்பது யானைகளை அங்கே விட்டுவிட்டுப் போனது. யானை பட்டையை உரித்துப் பெரிய மரத்தைச் சாய்க்கிறது, மான் நாற்றைத் தின்று மாற்று மரம் வராமல் தடுக்கிறது என்பதைத் தீவுகளை ஒப்பிட்டு அவர் காட்டினார். பார்க்கிறவர் கண்ணுக்கு யானைதான் குற்றவாளி. காட்டின் நாளைய நிலையைத் தீர்மானிப்பது மான். 2016-ல் அவர் காலமானார். தீவுகளுக்காக உரக்கப் பேசிய மனிதர்.

ஊர்க்காரர்களின் கோபத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. வாழைக்கன்று, பாக்கு நாற்று, தென்னம்பிள்ளையின் குருத்து, வெண்டை, பயறு எதையும் மான் விடாது. ரங்கத் பக்கம் கொல்லையில் காய்கறி போட்டுப் பிழைத்த ஓர் அக்கா, ஒருநாள் காலையில் வழிமறித்து நிறுத்தினார்.

"தம்பி, உங்க மான் நேத்து ராத்திரி வந்து மொத்தத்தையும் முடிச்சிட்டுப் போயிருச்சு. பிடிச்சா ஜெயிலுன்னு சொல்றீங்க. வுட்டா பட்டினி. நான் என்ன செய்யட்டும், நீயே சொல்லு."

"நஷ்டத்துக்கு எழுதிக் கொடுக்கலாம்க்கா."

"எழுதிக் கொடுத்தா சோறு ஆகுமா?"

அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. இந்தப் பட்டினியும், மறைவில் விலைபோகிற இறைச்சியும் சேர்ந்துதான் கண்ணி ஆகிறது. பைக் பிரேக் வயர், பழைய ஒயர்கயிறு, எதுவும் கண்ணிக்கு உதவும். மானின் தடத்தில் முழங்கால் உயரத்தில் தொங்கவிடுவார்கள். அந்தச் சுருக்கு மானுக்கு மட்டும் என்று எழுதி ஒட்டவில்லை. காட்டுப்பன்றி மாட்டும், உடும்பு மாட்டும். ஜாரவா மக்களின் சாப்பாடு அந்தப் பன்றி. அவர்களுக்கு ஒதுக்கிய காட்டுக்குள் கண்ணியோடு நுழைகிறவன் இன்னொருவர் அடுப்பை அணைக்கிறான். நாயை விட்டு மான் விரட்டுகிறதும் அப்படியே. மான் இல்லாத ராத்திரியில் அந்த நாய் கடற்கரையில் ஆமை முட்டையைத் தோண்டும். கள்ள வேட்டை மானைக் குறைக்கிறதே, விட்டுவிடலாமே என்று படித்தவர்களே என்னிடம் சொன்னதுண்டு. ஒப்புக்கொள்ளவே மாட்டேன். அது கைக்கு எட்டுகிற இடத்தில் கொல்கிறது, எட்டாத காட்டில் நாற்று போய்க்கொண்டே இருக்கிறது.

சட்டத்துக்கு வருவோம். 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் புள்ளிமானைக் காக்கிறது. மெயின்லேண்டில் அது சரி. அங்கே புலியின் சோறு அது. 2022-ல் சட்டத்தைத் திருத்தியபோது அயல் ஊடுருவி இனங்களுக்கு என்று தனியாக ஒரு பிரிவு சேர்த்தார்கள். படித்துப் பார்த்தபோது ஒரு நிமிஷம் நம்பிக்கை வந்தது. ஆனால் அந்தப் பிரிவின் வரையறைப்படி, இந்தியாவைத் தாயகமாகக் கொள்ளாத உயிரினம்தான் அயல் இனம். புள்ளிமான் கிண்டியில் மேய்கிறது, முதுமலையில் மேய்கிறது. ஆகவே ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கடல் தாண்டிக் கப்பலில் வந்த தீவிலும் அது சட்டத்தின் கண்ணில் உள்ளூர்க்காரன். இந்தியப் பெருந்தவளைக்கும் இதே கதை. மெயின்லேண்டிலிருந்து வந்து சேர்ந்த அந்தத் தவளையின் தலைப்பிரட்டைகள் அண்டமான் தவளைகளின் தலைப்பிரட்டைகளைத் தின்று தீர்ப்பதை ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். அதுவும் இந்தியத் தவளைதானே! கடல் போட்ட எல்லையை அரசியல் எல்லை அழித்துவிட்டது. தீவுகளைப் பொறுத்தவரை அந்த ஒரு வரியைத் திருத்தினால் போதும்: இந்தத் தீவுக்கூட்டத்தில் இயல்பாக இல்லாதது இங்கே அயல்.

அதுவரைக்கும் வழியே இல்லை என்பதும் இல்லை. இரண்டாம் அட்டவணையில் உள்ள ஒரு பிராணியை, குறித்த இடத்துக்கு, குறித்த காலத்துக்கு மட்டும் பாதுகாப்பிலிருந்து விலக்க மத்திய அரசுக்கு 62-ஆம் பிரிவு அதிகாரம் கொடுக்கிறது. 2015, 2016-ல் பீகாரில் நீலான், இமாசலத்தில் குரங்கு என்று அதைப் பயன்படுத்தினார்கள். ஆனால் அப்படித் திறந்துவிட்டால் துப்பாக்கி வைத்த எல்லாரும் இறங்கிவிடுவார்கள். இங்கே எனக்கு அது வேண்டாம். வனத்துறையின் பயிற்சி பெற்ற குழு, உள்ளூர் ஆட்கள் துணையோடு, ஒரு தீவு முடித்து அடுத்த தீவு என்று செய்ய வேண்டிய வேலை இது. நீந்தித் திரும்பிவர முடியாத தூரத்துச் சின்னத் தீவுகளில் தொடங்க வேண்டும். லாங் ஐலண்ட் மாதிரி அக்கம்பக்கத்தில் தீவு நெருங்கிய இடங்களில் ஒட்டுமொத்தமாக நீக்க முடியாது. கிட்டார் ஐலண்டிலிருந்து மறுபடி வரும். இங்கே எண்ணிக்கையைத் தாழ்த்தி வைத்திருக்கலாம், முக்கியமான காட்டுத் துண்டுகளை வேலி போட்டுக் காக்கலாம். எவ்வளவு தாழ்த்தினோம் என்று மானை எண்ண வேண்டாம். வேலிக்கு வெளியே நாற்று இடுப்புயரம் வந்ததா என்று பார்த்தால் தெரியும்.

கருத்தடை ஊசி என்கிறார்கள். பூங்காவுக்குள் பெயர் வைத்த மானுக்கு அது சரிப்படும். பயந்து ஒளியும் காட்டு மானை வருஷாவருஷம் தேடிப்பிடித்து ஊசி போடுவது நடக்கிற காரியம் அல்ல. சுடுவது என்ற சொல்லைத் தவிர்க்க நானும் விரும்பினேன். மானைப் பார்த்து நெஞ்சு இளகாத ஆள் யார்? ராஸ் ஐலண்டில் சுற்றுலாப் பயணியின் கையிலிருந்து பிஸ்கட் வாங்கித் தின்னும் மானையும், திருகோணமலை பிரெட்ரிக் கோட்டையில் வாசலோரம் படுத்திருக்கும் மானையும் கண்டு மகிழ்கிற அதே மனசுதான் எனக்கும். ஆனால் நெஞ்சு இளகுவது நம் பார்வையில் படுகிற உயிருக்கு மட்டும் என்று இருக்கக் கூடாது. பார்வையில் படாத ஓணானுக்கும், முளைத்து மூன்று இலை விடுமுன் போய்விடும் படாக்குக்கும் யார் இளகுவது?

நியூசிலாந்தில் செம்மானை வேட்டைக்கென்று கொண்டுவந்து விட்டுவிட்டு, 1930களிலிருந்து அரசே சம்பளம் கொடுத்து ஆள் வைத்துச் சுட வேண்டி வந்தது. இன்றுவரை அந்த வேலை முடியவில்லை. ஹவாயில் 1860களின் இறுதியில் அரசருக்குப் பரிசாக வந்த நம் புள்ளிமான் மொலோகாய் தீவில் இறங்கிற்று. 1959-ல் மாவி தீவுக்கும் வேட்டைக்காகக் கொண்டுபோனார்கள். அங்கே இன்று காடும் மேய்ச்சலும் தோட்டமும் அதன் வாயில். முதல் முறை தெரியாமல் செய்தது என்று விடலாம். மாவிக்கு எடுத்துப் போனபோது முதல் தீவின் கதி எல்லாருக்கும் தெரியும்.

லிட்டில் அண்டமானில் மான் இல்லை. அங்கே காட்டுக்குள் நுழைந்தால்தான் நம் காடு எப்படி இருந்திருக்கும் என்று புரியும். பத்தடி நடக்க வேர்த்துக் கொட்டும், நாற்றும் கொடியும் முகத்தில் அடிக்கும், குனிந்து நிமிர்ந்து போக வேண்டும். எல்லா வயசு மரமும் அங்கே உண்டு. அந்தக் காட்டை ஒரு சினை மான் கெடுத்துவிட முடியும், ஒரு ஜோடிகூட வேண்டாம்.

அதனால் படகுக்காரர்களிடமும், தோட்டக்காரர்களிடமும், லீவுக்கு வருகிற பிள்ளைகளிடமும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். காட்டோரத்தில் மான்குட்டி ஒன்று தனியாகப் படுத்திருந்தால் தொடாதீர்கள். அது அநாதை இல்லை. முதல் வாரங்களில் தாய் குட்டியைப் புதரில் படுக்கவைத்துவிட்டு மேயப் போகும், திரும்பி வந்து பால் கொடுக்கும். பரிதாபப்பட்டு வீட்டுக்குத் தூக்கி வந்து பாட்டிலில் பால் ஊற்றி வளர்ப்பீர்கள். கொம்பு முளைத்து முட்ட ஆரம்பித்ததும் எங்கேயாவது விட்டுவிடலாம் என்று தோன்றும். அந்த "எங்கேயாவது" மான் இல்லாத ஒரு தீவாக இருந்துவிடக் கூடாது. எந்தக் காரணத்துக்கும் எந்த மானையும் டுங்கியில் ஏற்றாதீர்கள். ஏற்றுகிறவரைக் கண்டால் பக்கத்து பீட் ஆபீஸில் சொல்லுங்கள்.